அத்தை பார்த்த பட்டணம்

"மெட்ராசுக்கு எத்தனை தடவை போயிருக்கீங்க அத்தை?" என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் என் மாமியாரைக் கேட்டேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "பதினோரு தடவை இருக்கும் அம்மிணி" என்றார்.

"என்னென்ன பார்த்தீங்க?"

"சென்ட்ரல் ஸ்டேசனப் பாத்தேன். பெரம்பூர்ல உங்க நாத்தனா ஊட்டு அடுப்படியப் பாத்தேன். பேரனுக்குக் காது குத்துன அன்னிக்கு ஒரு முருகன் கோயிலப் பாத்தேன். வேறென்ன இருக்குது?"

எனக்குச் சுருக்கென்றது. மகளின் பிரசவம், பத்தியம், குழந்தைக்கு அம்மை, மாப்பிள்ளைக்கு ஆபரேஷன் என்று ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டதும் ஓடியிருக்கிறார். வேலை முடிந்ததும் வீரபாண்டிக்கு ரயிலேறியிருக்கிறார். நம் வீடுகளில் பெரியவர்கள் ஊருக்குப் போகிறார்கள், ஊரைப் பார்ப்பதில்லை. காலாண்டு விடுமுறையில் அத்தைக்குப் பட்டணத்தைச் சுற்றிக் காட்டியே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

என் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் ஏற்றுமதி அவசரம். அதனால் அத்தை, நான், ஆறாவது படிக்கும் மகன், சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள், நாலு பேர் மட்டும். மகள் போனிலேயே பட்டியல் போட்டு வைத்திருந்தாள். இரண்டு நாளில் பதினாலு இடம்! நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அங்கேதான் தப்பு செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

சனி ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏறி, ஞாயிறு காலை இறங்கி, நாத்தனார் வீட்டில் ஓய்வெடுத்துவிட்டு, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். முதலில் ஜார்ஜ் கோட்டை. வாசலில் பையைத் திறந்து சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். தலைமைச் செயலகமும் சட்டசபையும் இதற்குள்ளேதான் இருக்கின்றன.

கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680-ல் திறக்கப்பட்டது. இந்தியாவில் ஆங்கிலேயர் கட்டிய ஆலயங்களில் இதுதான் மிகப் பழையது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டுமென்று, மரமே வைக்காமல், வளைவான கனத்த செங்கல் கூரை போட்டிருக்கிறார்கள். ராபர்ட் கிளைவின் கல்யாணம் 1753-ல் இங்கேதான் நடந்தது. எலிஹு யேல் என்பவரின் கல்யாணமும் 1680-ல் இங்கேதான். அவர் பின்னால் சென்னைக்குக் கவர்னரானார். சொந்த ஆதாயம் பார்த்தார் என்ற புகாரில் பதவியும் போனது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர்தான். 1718-ல் அந்தக் கல்லூரிக்கு அவர் அனுப்பிய நன்கொடை என்ன தெரியுமா? 417 புத்தகங்கள், இங்கிலாந்து ராஜாவின் படம் ஒன்று, அப்புறம் ஒன்பது பேல் சரக்கு. அந்தச் சரக்கில் துணிதான் நிறைய. அதை விற்ற காசில் கட்டடம் எழுந்தது.

மகள் இதைச் சொன்னதும் அத்தை நின்றுவிட்டார். "துணி பேலா? நம்மூர்லேருந்து போற மாதிரியேவா?" என்றார்.

துணி என்றால் அத்தைக்கு உயிர். கைத்தறிக் குடும்பத்தில் பிறந்தவர். ஏழு வயதிலிருந்து தார் சுற்றியவர். கல்யாணத்துக்குப் பிறகு தறியைத் தொடவில்லை. ஆனாலும் கடையில் புடவை எடுக்கும்போது இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தே நூல் நம்பர் சொல்லிவிடுவார்.

மகள் விவரமாகச் சொன்னாள். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்த மணல்மேட்டை நாயக்கரிடம் கேட்டு வாங்கியதே துணிக்காகத்தான். இங்கே நல்ல துறைமுகம்கூடக் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். சரக்கையும் ஆளையும் மசூலா படகில் ஏற்றி, அலையில் தத்தளித்துக் கரைசேர வேண்டும். இருந்தும், மற்ற இடங்களைவிட இந்தப் பக்கம் துணி மலிவாகக் கிடைத்ததால் இங்கேயே கோட்டை கட்டினார்கள். நெய்தவர்கள், வெளுத்தவர்கள், சாயம் தோய்த்தவர்கள் எல்லாரும் கோட்டையைச் சுற்றிக் குடியேறினார்கள். வண்ணாரப்பேட்டை என்ற பெயரே கம்பெனித் துணியை வெளுத்துக் காயப் போட்டவர்களால் வந்தது.

"அப்படிச் சொல்லு. இதுவும் ஒரு திருப்பூர்தான்!" என்றார் அத்தை.

கோட்டை அருங்காட்சியகத்தில், 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியைக் கண்ணாடிக்குள் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். பட்டுத் துணி. அத்தை கைகூப்பிவிட்டு, வெகுநேரம் நெசவையே பார்த்துக்கொண்டு நின்றார். (அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாபகம் இருக்கட்டும்.)

அங்கிருந்து ஆட்டோ பிடித்து பாரிமுனை. வழியில் ஐகோர்ட்டின் சிவப்புக் கட்டடம். 1892-ல் திறந்தது. அதன் உயரமான கோபுரத்தில்தான் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கட்டடம் வேறு விதத்தில் மறக்காது. 2011 ஜனவரியில், நொய்யலில் சாயக்கழிவு கலப்பதைக் காரணம் காட்டி, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவு வந்தது இங்கிருந்துதான். அன்றைக்கு எத்தனை வீட்டு அடுப்புகள் அணைந்தன! ஆற்றுத் தண்ணீரைப் பார்த்தவர்களால் அந்த உத்தரவு தப்பென்றும் சொல்ல முடியவில்லை. அத்தை ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே வந்தார்.

அரண்மனைக்காரத் தெருவை நீங்கள் ஒரு தடவையாவது நடந்து பார்க்க வேண்டும். ஆர்மீனியர்கள் வாழ்ந்த தெரு. அர்மேனியன் தெரு என்ற பெயர்தான் நம் வாயில் அரண்மனைக்காரத் தெரு ஆகிவிட்டது. அவர்கள் 1772-ல் கட்டிய மாதா கோயில் இன்றைக்கும் இருக்கிறது. தெருவின் இரைச்சலெல்லாம் வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே மரங்களும் கல்லறைகளும்தான். மணிக்கூண்டில் பெரிய மணிகள் ஆறு. உலகத்திலேயே முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794-ல் வெளிவந்தது அவர்கள் நாட்டிலல்ல, நம் சென்னையில்! அதை நடத்திய பாதிரியாரின் கல்லறையும் இங்கேயே இருக்கிறது. அவர்களில் ஒரு வியாபாரி, பரங்கிமலைக்குப் படிக்கட்டும், சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலமும் தம் சொந்தக் காசில் கட்டிக் கொடுத்தார். அந்தச் சமூகமே இப்போது இங்கு இல்லை. அவர்கள் கட்டிய படியில் நாம் ஏறுகிறோம்.

அதே தெருவில் கச்சாலீசுவரர் கோயில் இருக்கிறது; அந்தோணியார் கோயில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்ற எல்லா மதத்தாரும் வருவார்களாம். தம்புச் செட்டித் தெருவுக்குத் திரும்பினால் காளிகாம்பாள். சத்ரபதி சிவாஜி 1677-ல் இங்கே வந்து கும்பிட்டதாகக் கோயிலில் சொல்கிறார்கள். பாரதியார் சுதேசமித்திரனில் வேலை பார்த்தபோது வந்து வணங்கிய அம்மனும் இவள்தான்.

இப்படிப் பட்டியலில் ஒவ்வொன்றாக 'டிக்' அடித்துக்கொண்டு, மத்தியானம் ஒரு மணிக்குப் பூக்கடைப் பக்கம் பட்டணம் கோயிலுக்கு வந்து சேர்ந்தோம். சென்னகேசவப் பெருமாளும் சென்ன மல்லீசுவரரும் பக்கத்துப் பக்கத்தில். முன்பு ஐகோர்ட் இருக்கும் இடத்தில் இருந்த கோயில். 1757-ல் கம்பெனியார் அதை இடித்துவிட்டு, பிறகு இங்கே மாற்று இடம் கொடுத்தார்கள். மகள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "அம்மா, ஆத்தாவைப் பாரு!" என்று பையன் கத்தினான்.

அத்தை ஒரு கடைப்படியைப் பிடித்துக்கொண்டு சரிந்துகொண்டிருந்தார். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று வாய் மட்டும் முணுமுணுத்தது. எனக்குக் கைகால் ஓடவில்லை.

நடைபாதையில் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து வந்தாள். சாக்கை விரித்து அத்தையைப் படுக்க வைத்து, காலுக்கடியில் பூக்கூடையைக் கவிழ்த்து உயர்த்தினாள். "கும்பல் போடாதீங்க, காத்து வரட்டும்" என்று எல்லாரையும் விரட்டினாள். அத்தைக்கு நினைவு தெளிந்த பிறகு நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

"காலையிலேந்து ஆயாவை எங்கனா பாத்ரூம் இட்டுனு போனியாம்மா?"

நான் விழித்தேன்.

"அதான் பாரு. எங்க போறதுன்னு தெரியாம தண்ணியே குடிச்சிருக்காது. தெனம் ஒருத்தராச்சும் இங்க மயங்குறாங்க. அத்தினியும் பொம்பளைங்கதான்."

அத்தை தலைகுனிந்துகொண்டார். உண்மை அதுதான். சனிக்கிழமை சாயந்திரமே தண்ணீரைக் குறைத்துவிட்டார். ரயிலில் எழுந்து போகக் கூச்சம். திங்கட்கிழமை காலை ஒரு டம்ளர் காப்பியோடு சரி. பையில் நான் இரண்டு பாட்டில் தண்ணீர் வைத்திருந்தேன். பையன் குடித்தான், நான் குடித்தேன். 'அத்தை, வேணுமாங்க?' என்று இரண்டு தடவை கேட்டேன். 'வேண்டாம் கண்ணு' என்றார். நானும் விட்டுவிட்டேன்.

எதிர்க் கடை மாடியில் குடியிருக்கும் ஒரு மார்வாடி அம்மாள் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கி வந்து, அத்தையின் கையைப் பிடித்து, "மேலே வாங்கோ மாஜி, நம்ம வீடு" என்றார்கள். குறுகலான படி. ஒவ்வொரு படியாக ஏற்றி, தம் வீட்டுக் குளியலறையைத் திறந்துவிட்டார்கள். வந்ததும் மின்விசிறிக்கடியில் உட்கார வைத்து, உப்பும் சீரகமும் போட்ட மோர் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தமிழ் பாதி, அத்தைக்கு இந்தி சூனியம். ஆனாலும் மூட்டுவலியைப் பற்றி இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசிக்கொண்டார்கள்! நாங்கள் விடைபெறும்போது அத்தை அவர்கள் நெற்றியைத் தொட்டுத் திருஷ்டி கழித்தார்.

அங்கிருந்து நேரே ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. டாக்டரம்மா சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். வயதானவர்களுக்கு உடம்பில் தண்ணீர் வற்றினாலும் தாகம் சரியாகத் தெரியாது. அத்தை சாப்பிடும் பி.பி. மாத்திரை, சிறுநீரை அதிகம் பிரிக்கும் வகை. கடற்கரை ஊரின் புழுக்கத்தில் வியர்வை வேறு. மூன்றும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். சிறுநீரை மணிக்கணக்கில் அடக்குவதும் தண்ணீர் குடிக்காமலிருப்பதும் சிறுநீர்ப் பாதையில் கிருமி சேர வழி செய்யும். கர்ப்பிணிகள் இதில் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கோட்டை கட்டிய வருஷம் தெரியும், கோயில் இடித்த வருஷம் தெரியும். கூட வந்த மனுஷிக்கு என்ன வேண்டுமென்று தெரியவில்லையே! அருகில் படுத்திருந்த அத்தையிடம், "ஏனுங்கத்தை, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன். "பேத்தியும் பேரனும் எவ்வளவு ஆசையாச் சுத்துறாங்க. கெழவிக்கு ஒண்ணுக்குப் போகோணும்னு நடுத்தெருவுல நிக்கச் சொல்றதா? எங்கம்மா காலத்துலேருந்து இப்படித்தான் சாமி" என்றார்.

அடுத்த நாள் முழு ஓய்வு. பட்டியலைக் கிழித்துப் போட்டோம். "நீங்களே சொல்லுங்க, எங்கே போகலாம்?" என்று கேட்டோம். அத்தை தயங்கித் தயங்கி, "அந்தத் தறிக்காரங்க இருந்த ஊரு எங்க?" என்றார்.

சிந்தாதிரிப்பேட்டைதான் அது. சின்னத் தறிப் பேட்டை. கூவம் ஆறு வளைந்து போகும் இடத்தில், 1734-ல் கவர்னர் மார்ட்டன் பிட் என்பவர் ஒரு தோட்டத்தை எடுத்து, நூற்பவர்கள், நெய்பவர்கள், வெளுப்பவர்கள், துணியில் சித்திரம் எழுதுபவர்கள் எல்லாரையும் குடியமர்த்தினார். புதன்கிழமை காலை போனோம். அங்கே இப்போது தறிச் சத்தம் இல்லை. கடைகளும் வண்டிகளும் மீன் மார்க்கெட்டும்தான். ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் ஆதிபுரீசுவரர் கோயிலும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. அத்தை மண்டபத்தில் உட்கார்ந்து, நேரான அந்தத் தெருக்களையே பார்த்தார். "தெரு இப்படி நேரா இருந்தாத்தான் பாவு ஓட்ட முடியும். வெயில் ஏறாம இருக்க மரமும் வேணும். அதனாலதான் தோட்டத்துல கொண்டுபோய் வெச்சிருப்பாங்க" என்றார். குழித்தறியில் அப்பா கால் மிதித்தது, விடியும் முன் தார் சுற்றி முடித்தால்தான் பள்ளிக்கூடம் போகலாம் என்றிருந்தது, நாலாவதோடு படிப்பு நின்றது என்று, எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கேட்டிராத கதையெல்லாம் வந்தது. பையன் மடியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

சாயந்திரம் திருவல்லிக்கேணி. பல்லவர் காலத்துப் பார்த்தசாரதி கோயில். மூலவருக்கு மீசை உண்டு. அங்கிருந்து சிறிது தூரத்தில், 1795-ல் கட்டிய வாலாஜா பெரிய மசூதி. ரம்ஜான் மாதத்தில் இங்கே நோன்பு திறக்க வருபவர்களுக்குச் சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுவது சூஃபிதார் என்ற அமைப்பைச் சேர்ந்த இந்துக்கள். பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து அகதியாக வந்த ஒரு பெரியவர் ஆரம்பித்த அமைப்பு அது. பல ஆண்டுகளாக விடாமல் நடக்கிறது.

கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸ். 1842-ல் கட்டியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் மரத்தூளில் பொதிந்து வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்த கட்டடம் என்றதும் பையனுக்கு வாய் மூடவில்லை. விவேகானந்தர் 1897-ல் தங்கியதால் இப்போது விவேகானந்தர் இல்லம். நடுவே இன்னொரு கதையும் உண்டு. குழந்தையிலேயே விதவையாகி, பிடிவாதமாகப் படித்து, 1911-ல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, தம்மைப் போன்ற பெண்களைப் படிக்க வைக்க விடுதி நடத்தியதும் இதே வீட்டில்தான். "படிச்சாளுங்களா எல்லாரும்?" என்று அத்தை கேட்டார். "படிச்சாங்க ஆத்தா, டீச்சரானாங்க" என்றாள் மகள். அத்தை அந்த வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

பதினாலு இடத்தில் நாங்கள் பார்த்தது பாதிதான். மயிலாப்பூரும் சாந்தோமும் எழும்பூர் மியூசியமும் அடுத்த தடவைக்கு.

தோழியரே, பெரியவர்களையோ கைக்குழந்தையையோ அழைத்துக்கொண்டு இப்படிப் போகிறவர்கள் நான் பட்டுத் தெரிந்துகொண்டதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று இடம் போதும். பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் நடக்க வேண்டாம்.

2. இடங்களைப் பட்டியல் போடுமுன் கழிவறைகளைப் பட்டியல் போடுங்கள். மெட்ரோ நிலையங்கள், அருங்காட்சியகம், சுமாரான ஓட்டல் எதுவானாலும் சரி. இரண்டு மணிக்கொரு முறை "வேணுமா?" என்று கேட்காதீர்கள், "வாங்க போகலாம்" என்று நீங்களே முதலில் எழுந்திருங்கள்.

3. தண்ணீரும் அப்படித்தான். கேட்டால் வேண்டாம் என்பார்கள். டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

4. உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும். இல்லாவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்து கரைக்கலாம். சர்க்கரை வியாதி, இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

5. மயங்கியவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். நினைவு தெளியுமுன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். உடனே தெளியாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

6. மாத்திரைச் சீட்டின் நகல் கையில் இருக்கட்டும். பிரயாணத்துக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

7. பட்டுப் புடவையும் புதுச் செருப்பும் வீட்டிலேயே இருக்கட்டும். நூல் புடவை, பழகிய செருப்பு.

திரும்பும்போது ரயில் திருவள்ளூர் தாண்டியிருக்கும். அத்தை பாட்டிலைத் திறந்து, தாமாகவே பாதித் தண்ணீரைக் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மிணி, செத்த கூட வா" என்று என்னை எழுப்பினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு பெட்டியின் கோடி வரை நடந்தேன்.